உரிமம் முதலில், வாக்கி-டாக்கி பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தைப்பூசக் காவடி, பெரிய வெள்ளியன்று மாரியம்மன் பூசை, பூக்குழி என்று டர்பன் சுற்றுவட்டாரத்து ஆலயங்களில் கூட்டம் சேரும் நாள்களில் தொண்டர்களின் இடுப்பில் வாக்கி-டாக்கி தொங்குவது வழக்கமாகிவிட்டது. ஃபீனிக்ஸ், சாட்ஸ்வர்த் பகுதிகளின் தெருக்காவல் குழுக்களும் வாங்கி வைத்திருக்கின்றன. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400 பேருக்கு மேல் மாண்ட அந்த நாள்களில் கைப்பேசிக் கோபுரங்கள் பல செயலிழந்து கிடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. கோபுரத்தை நம்பாத ஒரு தொடர்பு நம் மக்களிடம் இருக்கவேண்டும் என்பதில், வாக்கி-டாக்கி போன்ற இருவழி வானொலிக் கருவிகளின் தொழில்நுட்பர்களான எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. வாங்கும் முறைதான் கவலை தருகிறது. இணையத்தில் சில நூறு ரேண்டுக்குக் கிடைக்கும் கருவியைப் பத்து இருபதாக வாங்கிவிட்டு, எந்த அலைவரிசையில் பேசலாம் என்ற கேள்வியைக் கடைசியில் கேட்கிறார்கள். பலர் கேட்பதே இல்லை.

உரிமம் என்பது அலுவலகத் தாள்வேலை, கருவியைப் பாதுகாப்பது தொழில்நுட்பரின் வேலை என்று பிரித்துப் பார்ப்பதில்தான் பிசகு. உரிமத்தில் எழுதப்படும் அலைவரிசை, எத்தனை வாட்டில் அனுப்பலாம் என்ற திறன், ஆன்டெனா உயரம் ஆகிய மூன்றை வைத்துத்தான் எந்த ஆன்டெனா, எந்தக் கேபிள், எந்த மின்வழங்கி என்று முடிவு செய்யமுடியும். வரிசையை மாற்றி முதலில் கருவியை வாங்கியவர்கள், பொருந்தாத ஆன்டெனாவில் பேசிப் பேசி உள்ளே இருக்கும் திறன் பெருக்கி டிரான்சிஸ்டரைக் கருக்கிவிட்டு, சட்டத்துக்கும் பதில் சொல்லவேண்டிய நிலையில் நிற்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2005ஆம் ஆண்டின் 36ஆம் எண் மின்னணுத் தொடர்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி, தென்னாப்பிரிக்கத் தொடர்புத்துறை ஒழுங்காணையமான ஐகாசா தரும் அலைவரிசை உரிமம் இல்லாமல் வானொலி அலையை அனுப்பக்கூடாது. 32ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: உரிமமோ விலக்கோ இல்லாமல் கருவியை வைத்திருப்பதே தவறு, அதிகாரிகள் அதை முத்திரையிடலாம், பறிமுதலும் செய்யலாம். ‘பேசவே இல்லை, அலமாரியில்தான் கிடந்தது’ என்ற வாதம் எடுபடாது. 35ஆம் பிரிவு வகை ஒப்புதல், அதாவது அந்த மாதிரிக் கருவியை இந்நாட்டில் பயன்படுத்தலாம் என்ற ஒப்புதல் பற்றியது. ஒப்புதல் பெற்ற கருவியின் முதுகில், பெரும்பாலும் பேட்டரியைக் கழற்றினால் தெரியும் இடத்தில், ஐகாசா முத்திரையும் ‘டிஏ’ என்று தொடங்கி ஆண்டும் எண்ணும் வரும் குறியும் ஒட்டியிருக்கும். கடைக்காரர் எத்தனை சத்தியம் செய்தாலும், அந்த ஒட்டு இல்லாத கருவியை ஆலயப் பணத்தில் வாங்காதீர்கள்.

உரிமமே தேவைப்படாத வழி ஒன்று உண்டு. பிஎம்ஆர்-446 எனப்படும் சிறு கைக்கருவி வகை 446.0 முதல் 446.1 மெகாஹெர்ட்ஸ் வரை எட்டு சேனல்களில், 12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இயங்குகிறது. முதல் சேனல் 446.00625, எட்டாவது 446.09375. ஆன்டெனாவிலிருந்து வெளியேறும் திறன் அரை வாட்டைத் தாண்டக்கூடாது. ஆன்டெனா கருவியோடு பிணைந்ததாக இருக்கவேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளுக்குள் இருந்தால்தான் விலக்கு. ஆன்டெனாவைத் திருகிக் கழற்றி நீளமானதை மாட்டினாலோ, ஐந்து வாட் கருவியில் 446 என்று தட்டிவிட்டுப் பேசினாலோ விலக்கு போய்விட்டது. அரை வாட் போதுமா என்று பலர் ஐயப்படுகிறார்கள். ஆலய வளாகம், வாகன நிறுத்துமிடம், ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரை வரும் காவடி ஊர்வலம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் போதும். வெட்டவெளியில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் எட்டும். சாட்ஸ்வர்த் போன்ற மேடுபள்ளங்களில், வீடுகள் நெருங்கிய இடத்தில், சில நூறு மீட்டரிலேயே தடுமாறும். தெருக்காவலுக்கு இது ஆகாது, திருவிழாவுக்கு ஆகும்.

பிஎம்ஆர் கருவிகளில் உள்ள ‘தனிமைக் குறியீடு’ பற்றி ஒரு சொல். அது உங்கள் பேச்சை மறைப்பதில்லை. பிறர் பேசுவது உங்கள் ஒலிபெருக்கியில் கேட்காமல் அடைக்கிறது, அவ்வளவே. நீங்கள் பேசுவது எல்லோருக்கும் கேட்கும். உண்டியல் எப்போது எடுத்துச் செல்லப்படுகிறது என்பதை அதில் பேசுகிறவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வரும் ஜோடிக் கருவிகள் 462, 467 மெகாஹெர்ட்ஸில் இயங்குபவை. அவை அந்த நாட்டு விதிக்குச் செய்தவை. இங்கே அந்த அலைவரிசைகள் வேறு பயன்பாட்டாளர்களுக்கு உரியவை. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் இரட்டை அலைக் கருவிகளில் சிக்கல் இன்னும் பெரிது. 136 முதல் 174 வரையிலும் 400 முதல் 520 வரையிலும் எந்த எண்ணைத் தட்டினாலும் அவை அனுப்பும். அந்த விரிவுக்குள்தான் கப்பல்களின் அபாய அழைப்புக்கான 16ஆம் சேனலும் இருக்கிறது. 156.8 மெகாஹெர்ட்ஸில் ஒருவர் அறியாமல் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால், அந்த நேரத்தில் கடலில் கவிழ்கிற படகின் குரல் கரைக்குக் கேட்காது. டர்பன் கடலை நம்பி வாழ்ந்த மீன்பிடிக் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. படகில் பயன்படுத்தக் கடல் வகைக் கருவியையே வாங்கவேண்டும். அதற்கு ஐகாசாவின் உரிமமும், பேசுகிறவருக்கு இயக்குநர் சான்றிதழும் தனித்தனியே தேவை.

நீண்ட தூரம் வேண்டுமானால் சொந்த அலைவரிசைக்கு விண்ணப்பிக்கவேண்டும். விண்ணப்பத்தில் அமைப்பின் பதிவு ஆவணங்கள், கருவியின் தயாரிப்பும் மாதிரியும் வகை ஒப்புதல் எண்ணும், வெளியிடும் திறன், நிலையான கருவி நிற்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, தரையிலிருந்து ஆன்டெனாவின் உயரம், எத்தனை கைக்கருவிகள் என்பதெல்லாம் கேட்கப்படும். இடக்குறிப்பைச் சுமாராக எழுதாதீர்கள். அண்டை அலைவரிசைக்காரருக்கு இடையூறு வருமா என்று கணக்கிடுவது அந்த எண்களை வைத்துத்தான். கோயிலின் இருப்பிடத்தைக் கொடுத்துவிட்டு ஆன்டெனாவை மேட்டிலுள்ள ஒருவர் வீட்டுக் கூரையில் வைத்தால் உரிமம் செல்லாது. உரிமக் கட்டணம் ஆண்டுதோறும் மார்ச் 31க்குள் கட்டவேண்டியது. ஆலயக் குழுக்கள் மாறும்போது இந்தத் தேதி கைமாறாமல் விட்டுப்போகிறது. ஆகவே காப்பீட்டுத் தவணை எழுதும் அதே நோட்டில் இதையும் எழுதுங்கள். ஐகாசாவின் அனுமதி இல்லாமல் உரிமத்தை வேறோர் அமைப்புக்கு மாற்றித்தரவும் முடியாது. பக்கத்துக் கோயிலுக்கு ‘எங்கள் சேனலில் பேசிக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

டிஎம்ஆர் எனப்படும் டிஜிட்டல் முறைக் கருவிகளுக்கு உரிமம் வாங்கினால் ஒரே 12.5 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில், ரிப்பீட்டர் (பேச்சைப் பெற்று மீண்டும் வலுவாக அனுப்பும் நிலையான கருவி) வழியாக, இரண்டு தனித்தனிப் பேச்சுகள் நடக்கும். முதலுதவிக் குழுவுக்கு ஒன்று, வாகன ஒழுங்குக்கு ஒன்று என்று பிரிக்கலாம். கருவி விலை கூடுதல்தான். ஆனால் இரண்டாவது அலைவரிசைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை.

ஆண்டில் மூன்று நான்கு நாள் மட்டும் தேவை என்றால் வாடகைக்கு எடுப்பதே மேல். உரிமம் வைத்திருக்கும் வாடகை நிறுவனத்திடம் அந்த உரிமத்தின் நகலைக் கேளுங்கள். அதில் உள்ள பகுதியும் அலைவரிசையும் உங்களுக்குத் தரும் கருவியில் உள்ளவையோடு ஒத்துப்போகவேண்டும். நகலைக் காட்டத் தயங்குகிறவரிடம் எடுக்காதீர்கள். குறிப்பிட்ட நிகழ்ச்சிக்கென்று தற்காலிக உரிமமும் கேட்கலாம். திருவிழாவுக்கு முந்திய வாரம் போய் நிற்காமல் சில மாதம் முன்பே கேட்கவேண்டும்.

அமெச்சூர் வானொலியை, அதாவது தேர்வு எழுதி ஆர்வத்துக்காக நடத்தும் தனிநபர் வானொலியை, குறுக்குவழியாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 1925இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க வானொலிக் கழகம் இதற்கான தேர்வை நடத்துகிறது. தேறியவருக்கு எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இசட்எஸ்5 என்று தொடங்கும் அழைப்புக் குறி கிடைக்கும். இளையவர்களுக்கு இசட்யு வகை இருக்கிறது. நம் பிள்ளைகள் இதில் இறங்கவேண்டும் என்று நாங்கள் மனதார விரும்புகிறோம், ஏனென்றால் மின்னியலும் ஒழுங்கும் சேர்ந்து வரும் கல்வி இது. ஆனால் அந்த உரிமம் அந்த ஒரு நபருக்கு உரியது. அவருடைய அலைவரிசையைத் தேர்வு எழுதாத தொண்டர்கள் பயன்படுத்த முடியாது. காவல் தொழிலுக்கோ வணிகத்துக்கோ கூடாது. பேரிடர் நேரத்தில் உதவ அக்கழகத்தின் ஹேம்நெட் பிரிவு இருக்கிறது. ஆர்வமுள்ள தெருக்காவல் குழுவினர் அந்த வழியாகச் சேரலாம்.

இனி, கருவி எப்படிக் கெடுகிறது என்று பார்ப்போம். எங்கள் மேசைக்கு வரும் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆன்டெனாவும் மின்சாரமும்தான் காரணம்.

ஆன்டெனா இல்லாமலோ, வேறு அலைக்கான ஆன்டெனாவை மாட்டியோ பொத்தானை அழுத்தினால், வெளியேறவேண்டிய திறன் திரும்பி வந்து டிரான்சிஸ்டரைச் சூடாக்கும். எவ்வளவு திரும்புகிறது என்பதைக் காட்டும் அளவைத்தான் எஸ்.டபிள்யூ.ஆர். என்கிறோம். 1.5 என்றால் நூற்றுக்கு நான்கு பங்கு திரும்புகிறது. இது நல்ல நிலை. 2 என்றால் பதினொன்று. 3 என்றால் கால் பங்கு. அங்கே நிறுத்திவிட்டுக் காரணம் தேடவேண்டும். அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ள கால் அலை ஆன்டெனாவின் நீளத்தைத் தோராயமாக அறிய 7,500ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் சென்டிமீட்டரில் கிடைக்கும். 150க்கு 50 சென்டிமீட்டர், 460க்கு ஏறக்குறைய 16. நடைமுறையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்து வெட்டுவார்கள். உரிமத்தில் 150 வந்திருக்க, முன்பே வாங்கிவைத்த 460 ஆன்டெனாவை மாட்டினால் என்ன ஆகும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

கேபிளில் ஒரு ஏமாற்று இருக்கிறது, அதைச் சற்று நிதானமாகச் சொல்லவேண்டும். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 30 மீட்டர் போட்டு 450 மெகாஹெர்ட்ஸில் அனுப்பினால் ஏறத்தாழ 10 டெசிபெல் இழப்பு. அதாவது 25 வாட் போட்டால் மேலே சேர்வது இரண்டரை வாட். அதே நீளத்துக்குத் தடித்த எல்எம்ஆர்-400 கேபிள் போட்டால் 13 வாட்டுக்குக் குறையாது. இழப்போடு நின்றால்கூடப் பரவாயில்லை. மேலே ஆன்டெனா முறிந்தே போயிருந்தாலும், திரும்பி வரும் அலையும் அதே கேபிளில் கரைந்துவிடுவதால், கீழே மீட்டர் 1.2 என்று அழகாகக் காட்டும். ‘மீட்டர் நன்றாக இருக்கிறது, ஆனால் யாருக்கும் கேட்கவில்லை’ என்று சொல்லும் இடங்களில் முதலில் இதைத்தான் பார்க்கவேண்டும். அளவை ஆன்டெனாவின் அடியில் வைத்து எடுங்கள். அல்லது மேல் முனையில் ஆன்டெனாவுக்குப் பதில் சுமைத் தடையை (திறனை வாங்கி வெப்பமாக்கும் தடை) வைத்துக் கேபிளைத் தனியாகச் சோதியுங்கள். சிபி எனப்படும் பொதுமக்கள் ரேடியோவுக்கு வாங்கிய 27 மெகாஹெர்ட்ஸ் மீட்டரை இங்கே நம்பக்கூடாது. அது 450இல் காட்டுவதற்குப் பொருளே இல்லை.

கடற்காற்று உப்பு டர்பனில் கனெக்டர்களைத் தின்றுவிடும். பிஎல்-259 கனெக்டர் நீர் புகாத வகை அல்ல. 400 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ‘என்’ வகையே நல்லது. எதுவானாலும் முதலில் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்துச் சுற்றி, அதன் மேல் கறுப்பு வினைல் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றவேண்டும். மேலிருந்து கீழாகச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பிலும் மழைநீர் தங்கும்; கீழிருந்து மேலாகச் சுற்றினால் ஓடு வேய்ந்த கூரையில் ஓடுவதுபோல் வழிந்துவிடும். கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் வளைவு விடுங்கள். நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். தண்ணீர் புகுந்த கேபிளைக் காயவைத்துப் பயனில்லை. உள்ளே செம்புப் பின்னல் பச்சையாகியிருந்தால் வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள்.

கோபுரத்தில் ஆன்டெனா வைக்கும்போது கலசத்தை ஒட்டி வைக்கக்கூடாது. செம்பும் பித்தளையும் அருகில் இருந்தால் ஆன்டெனாவின் பொருத்தமே மாறிவிடும். ஓர் அலைநீளமாவது தள்ளி இருக்கவேண்டும்: 150க்கு இரண்டு மீட்டர், 460க்கு 65 சென்டிமீட்டர். கோபுரத்தில் இடமில்லையென்றால் தனிக் கம்பம் நடுவதே முறை. இரண்டு நிலையான கருவிகளின் ஆன்டெனாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒன்றிலிருந்து 50 வாட் கிளம்பும்போது மற்றதன் ஏற்பி முகப்பு, அதாவது அலையை முதலில் வாங்கும் மென்மையான பகுதி, அதைத் தாங்காது.

மின்சாரத்துக்கு வருவோம். வாகன வகை ரேடியோக்கள் 13.8 வோல்ட்டுக்குச் செய்தவை. பெரும்பாலானவை அதற்கு மேலும் கீழும் 15 விழுக்காடு வரை தாங்கும், அதாவது ஏறத்தாழ 11.7 முதல் 15.9 வரை. 25 வாட் கருவி அனுப்பும்போது ஆறு ஆம்பியர் இழுக்கும். 50 வாட் கருவி பத்து, பன்னிரண்டு. ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பியில் மூன்று மீட்டர் தொலைவுக்குப் பத்து ஆம்பியர் போனால், போகவரக் கணக்கிட்டு ஒரு வோல்ட் கம்பியிலேயே விழுந்துவிடும். நான்கு சதுர மில்லிமீட்டரில் கால் வோல்ட்தான். பேசத் தொடங்கியதும் கருவி தானே அணைந்து எரிகிறதென்றால், கருவியைத் திறக்கும் முன் கம்பியைப் பாருங்கள். ஃபியூஸ் பேட்டரியின் அருகில் இருக்கவேண்டும், கருவியின் அருகில் இருந்து பயனில்லை. இடையில் கம்பி உரசித் தீப்பிடித்தால் அது காப்பாற்றாது. 25 வாட்டுக்கு 10 ஆம்பியர், 50 வாட்டுக்கு 15. எரிந்த ஃபியூஸுக்குப் பதில் வெள்ளித் தாள் சுற்றிய கருவிகள் இன்றும் எங்களிடம் வருகின்றன.

லோட்-ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டில் மின்சாரம் போகும்போது அல்ல, திரும்பி வரும்போதுதான் சேதம். அந்த முதல் நொடிகளின் எழுச்சியில் மலிவான மின்வழங்கிகள் 13.8ஐத் தாண்டிவிடுகின்றன. ஆகவே நிலையான கருவியைப் பேட்டரியில் ஓட்டி, பேட்டரியைச் சார்ஜரில் வைப்பதே சரி. கணக்கு எளிது. பத்தில் ஒரு பங்கு நேரம் பேசினால் 25 வாட் கருவிக்குச் சராசரி ஓர் ஆம்பியர் போதும். 100 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரியில் பாதியை மட்டும் எடுத்தாலும் இரண்டு நாள் ஓடும். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் பேட்டரியின் ஆயுள் வேகமாகக் குறையும், ஆகவே பேட்டரி இறங்கும்போது தானே துண்டிக்கும் சாதனம் ஒன்றை இடையில் போடுங்கள். சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரை நேரடியாக மின்வழங்கியில் செருகாதீர்கள். அதையும் பேட்டரி வழியாகவே. 24 வோல்ட் லாரியில் இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுப்பது அந்தப் பேட்டரியைக் கொல்லும் வேலை. 24 வோல்ட்டை 12 ஆக்கும் மாற்றிச் சாதனம் ஒன்று வாங்குங்கள். வண்டிக்கு ஜம்ப் கொடுக்கும்போது ரேடியோவின் கம்பியைக் கழற்றிவிடுங்கள்.

சில இடங்களில் இரண்டு வாகன ரேடியோக்களைக் கட்டி ரிப்பீட்டர் ஆக்கியிருக்கிறார்கள். அவை இடைவிடாமல் அனுப்பச் செய்தவை அல்ல. 50 வாட் கருவியை 20, 25க்குக் குறைத்து, மின்விசிறி வைத்து, நேர வரம்பை (ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் அனுப்பலாம் என்ற அமைப்பு) 60 நொடிக்கு அமைத்தால் தாங்கும். நேர வரம்பைக் கைக்கருவி ஒவ்வொன்றிலும் அமைக்கவேண்டும். சேலை மடிப்பிலோ நாற்காலி இடுக்கிலோ ஒரு பொத்தான் சிக்கிக்கொண்டால் ஊர்வலம் முழுவதும் ஊமையாகிவிடும். அடிபட்டவருக்கு ஆம்புலன்ஸ் கேட்க முடியாது.

இடி மின்னல் எங்கள் மாகாணத்துக் கோடையில் தினசரி விருந்தாளி. கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்தில் வாயு வகை மின்னல் தடுப்பானை உலோகத் தகட்டில் பொருத்தி, தகட்டைத் தரையில் அடித்த செம்புத் தண்டோடு இணைக்கவேண்டும். அந்தத் தண்டும் கட்டடத்தின் மின் எர்த்தும் தனித்தனியே நின்றால், மின்னல் விழும் கணத்தில் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு உங்கள் ரேடியோ வழியாகத்தான் பாயும். இரண்டையும் பிணைப்பதைப் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். நேரடி இடியை எந்தத் தடுப்பானும் தாங்காது. மேகம் திரளும் முன்பே ஆன்டெனா கேபிளைக் கழற்றி வெளியே வைப்பதே உறுதியான வழி. இடி முழங்கத் தொடங்கிய பிறகு அதைத் தொடாதீர்கள்.

கைக்கருவிகளுக்குத் திருவிழாவில் வரும் ஆபத்து பாலும் விபூதியும். கருவி நீரையும் தூசியையும் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் எண்ணில் ஐபி67 என்றால் நன்னீரில் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் என்று பொருள். அதுவும் பக்கவாட்டு ஒலிவாங்கித் துளையின் ரப்பர் மூடி மூடியிருந்தால்தான். அந்த மூடி தொலைந்த கருவிக்கு எந்த எண்ணும் பொருந்தாது. பால் காய்ந்தால் பொத்தானுக்கு அடியில் பசையாகிவிடும். பேட்டரியைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் சுத்தம் செய்யுங்கள். ஆன்டெனாவைப் பிடித்துத் தூக்காதீர்கள். அடியில் பற்றவைப்பு விட்டுப்போகும். பேசும்போது முகத்தருகே செங்குத்தாகப் பிடியுங்கள். இடுப்பில் இருந்தபடி பேசினால் உடம்பே பாதியை உறிஞ்சிவிடும்.

சேனல்களை நிரப்பும் முன் கருவியில் உள்ளதைக் கணினியில் படித்துச் சேமித்துக்கொள்ளவேண்டும். வேறு மாதிரியின் மென்பொருளை ஏற்றினால் கருவி திரும்ப எழுந்திருக்காது. ஒருவர் 12.5இலும் மற்றவர் 25 கிலோஹெர்ட்ஸ் அகலத்திலும் வைத்திருந்தால் குரல் ஒரு பக்கம் மெலிந்தும் மறுபக்கம் கரகரத்தும் கேட்கும். இதைக் கருவிக் கோளாறு என்று எண்ணித் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

விழா முடிந்ததும் லித்தியம் பேட்டரிகளை முழுதாக ஏற்றியோ முற்றிலும் வடித்தோ பெட்டியில் போடக்கூடாது. பாதி அளவில், கருவியிலிருந்து கழற்றி, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஏற்றுங்கள். சூடான காருக்குள் வைத்துச் சார்ஜ் செய்யவேண்டாம். 45 டிகிரிக்கு மேல் அவற்றுக்கு ஆகாது. உப்பியதைக் குத்தாமல், குப்பையில் போடாமல், பேட்டரி திரும்பப் பெறும் இடத்தில் ஒப்படையுங்கள்.

இப்படிக்கு,
இருவழி வானொலித் தொழில்நுட்பர்கள் சிலர்,
டர்பன், குவாசுலு-நட்டால்